கொஞ்சம் மெல்லியதாக ஒரு கத்தி

"இதே கத்திதான் வேண்டும். ஆனால் கொஞ்சம் மெல்லியதாகச் செய்து கொடுங்கள்." தனியாளாகப் பட்டறை நடத்தும் கத்தி செய்பவர்களிடம் அடிக்கடி வரும் வேண்டுகோள் இது. கேட்பவருக்கு இது சட்டைக் கையை ஓர் அங்குலம் குறைத்துத் தைக்கச் சொல்வது போலத்தான் தோன்றும். "முடியாது" என்றோ "ஒன்பது மாதம் ஆகும்" என்றோ பதில் வந்தால், கிராக்கி காட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார். பெரும்பாலும் அந்த எண்ணம் தவறானது. தாமதத்துக்கான காரணம் எஃகுக்குள் இருக்கிறது.

முதலில் அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு தகடு எவ்வளவு வளையாமல் நிற்கும் என்பது அதன் தடிமனை அதே எண்ணால் இரண்டு முறை பெருக்கி வரும் விடையைப் பொறுத்தது. முதுகுப்புறம் 2.5 மில்லிமீட்டர் இருந்த கத்தியை 2 மில்லிமீட்டராக்கினால், 15.6 என்ற எண் 8 ஆகிவிடுகிறது. அரை மில்லிமீட்டர் குறைத்ததில் கத்தியின் விறைப்பு பாதியாகிவிட்டது. வெங்காயத்தில் அது வெண்ணெயாக இறங்கும். பூசணிக்காயில் வளைந்து கோணலாகப் போகும்.

இது கத்தி முடிந்த பிறகு தெரிவது. செய்யும்போதே வரும் சிக்கல் இதைவிடப் பெரிது.

எஃகு என்பது இரும்பும் சிறிது கரியும் (கார்பன்) சேர்ந்தது. நல்ல சமையல் கத்தியின் எஃகில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குக் கரி இருக்கும். சாதாரண வெப்பநிலையில் அது இரும்போடு முழுக்கக் கரையாமல், கார்பைடு என்ற நுண்துகள்களாக ஒதுங்கிக் கிடக்கிறது. 727 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் இரும்பு அணுக்கள் வேறு விதமாக அடுக்கப்படுகின்றன. அந்த அடுக்கில் கரி அணுக்கள் நுழைந்துகொள்ள இடம் உண்டு. 800 டிகிரியை ஒட்டிய சூட்டில் வெளியே எடுத்து எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்குவார்கள். நம் கொல்லர்கள் இதைத் தோய்ச்சல் என்பார்கள். மெதுவாக ஆறினால் கரி வெளியேறிப் பழையபடி ஒதுங்கிவிடும். சடாரென்று ஆறினால் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டிய கரியால் இறுகிப்போன அமைப்பின் பெயர் மார்ட்டென்சைட். கத்தியின் கூரைத் தாங்கி நிற்பது அதுதான். வேறு உலோகம் அதிகம் கலக்காத எஃகு என்றால், ஏறக்குறைய ஒரு நொடிக்குள் அது 550 டிகிரிக்குக் கீழே இறங்கியாக வேண்டும்.

மார்ட்டென்சைட் உருவாகும்போது எஃகு உப்புகிறது. அலகின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட இமைப்பொழுது முன்னால் ஆறினாலும் போதும், கத்தி ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். அலகு மெல்லியதாக இருந்தால் இந்த ஆபத்து கூடுகிறது. தண்ணீரில் தோய்க்கும் கத்திகளில் சில, "டிங்" என்ற ஒரு சிறு ஓசையோடு விரிசல் விட்டு முடிந்துபோகும். பல நாள் உழைப்பு அந்த ஓசையில் போய்விடும். அதை ஒட்டவைக்க வழி கிடையாது.

தப்பித்த கத்தியும் கண்ணாடி போல நொறுங்கும் நிலையில் இருக்கும். அதை 150 முதல் 200 டிகிரி வரையிலான இளஞ்சூட்டில் ஓரிரு மணி நேரம் வைத்தால் கடினம் சற்றுக் குறைந்து, அடி தாங்கும் குணம் கூடுகிறது. எங்கே நிறுத்துவது என்பது செய்பவரின் தீர்மானம். ஜெர்மானியத் தொழிற்சாலைக் கத்திகள் பலவும் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரை நிற்கும். ஜப்பானியக் கரி எஃகுக் கத்திகள் 60-ஐத் தாண்டும். முன்னது எலும்பில் பட்டால் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மடங்கும், தீட்டிச் சரிசெய்யலாம். பின்னது நெடுநாள் கூர் நிற்கும், எலும்பில் பட்டால் வாயில் சில்லு பெயரும். இரண்டையும் ஒரே கத்தியில் கேட்கும் வாடிக்கையாளருக்கு உலகின் எந்தக் கொல்லராலும் பதில் சொல்ல முடியாது.

சிறு பட்டறையின் கணக்கு முழுவதும் தோய்ச்சலை நடுவில் வைத்துத்தான் அமைகிறது என்பது என் கருத்து. எஃகின் வகை, நீளம், தடிமன், வடிவம் ஆகியவை தோய்ச்சலுக்கு முன்னால் முடிவாகின்றன. இவற்றில் எதை மாற்றினாலும் சூடு, நேரம், ஆறும் வேகம் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். பழக்கமில்லாத எஃகு என்றால் மாதிரித் துண்டு ஒன்றைத் தோய்த்து, ஒடித்து, உடைந்த முகத்தின் மணிகள் நுண்மையாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கைப்பிடி மரம், அதன் பருமன், உறை, கூர்தீட்டும் கோணம் ஆகியவை தோய்ச்சலுக்குப் பின்னால் வருபவை. இவற்றை ஆளுக்கு ஒரு விதமாக மாற்றலாம். உலை சூடேறி நிலைகொள்ள, ஒரு கத்தி வைத்தாலும் பத்து வைத்தாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் ஒரே எஃகில், ஒரே தடிமனில் பத்து அலகுகளைச் சேர்த்துத் தோய்த்துவிட்டு, பிடியை மட்டும் வாடிக்கையாளர் விருப்பத்துக்கு விடுகிறார்கள். அதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். பிடியின் எடை மாறினால் கத்தியின் சமநிலைப் புள்ளியே நகரும். கையில் உணரப்படும் வேறுபாட்டில் பெரும் பங்கு அங்கேதான் இருக்கிறது.

ஜப்பானில் ஒசாகா மாகாணத்தின் சாக்காய் நகரம் இந்தச் சிக்கலை வேறு வழியில் சமாளித்திருக்கிறது. அங்கே அலகை அடித்து உருவாக்குபவர் ஒருவர், கூர் வைப்பவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர். 1982-இல் அரசு மரபுக் கைவினையாக அறிவித்த தொழில் அது. மீன் சீவும் யனகிபா போன்ற அவர்களின் கத்திகளில் சரிவு ஒரு பக்கம்தான். மறுபக்கம் லேசாகக் குழிந்திருக்கும். மெதுஇரும்பின் மேல் எஃகை ஒட்டி அடிக்கும்போதே எந்தப் பக்கம் எஃகு என்பது முடிவாகிவிடும். இடக்கைக்காரர் ஒருவர் கேட்டால் எல்லாம் கண்ணாடி பிம்பம் போலத் திரும்ப வேண்டும். கூர் வைப்பவரின் கை பல்லாண்டு பழகிய அசைவும் அதில் சேரும். இடக்கைக் கத்தி விலை கூடுதலாகவும் தாமதமாகவும் வருவது இதனால்தான்.

அமெரிக்காவில் 1976-இல் வில்லியம் மோரன் நிறுவிய கொல்லர் சங்கம் வைக்கும் தேர்வு, எதிர்பார்ப்பு என்ற சொல்லுக்கே ஓர் அளவுகோல். ஒரே கத்தி, தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், மரச்சட்டங்களை வெட்ட வேண்டும், அதன் பிறகும் கைமயிரை மழிக்க வேண்டும், இறுதியில் 90 டிகிரி வளைந்தும் ஒடியக் கூடாது. வாய் கடினமாகவும் முதுகு இளகியும் இருந்தால்தான் இது நடக்கும். அந்தக் கத்தியோ தேர்வோடு அழிந்துவிடும். சமையலறையில் இந்த நான்கும் ஒருசேரத் தேவைப்படுவதே இல்லை.

அந்தச் சங்கத்தில் தலைமைக் கொல்லர் தகுதி பெற்ற பாப் கிரேமர், தன் சமையல் கத்திகளைக் குலுக்கல் வழியாகவும் ஏலத்திலும் விற்கிறார். அவர் வடிவமைப்பில் தொழிற்சாலைக் கத்திகளை முதலில் ஜப்பானின் ஷுனும் பிறகு ஜெர்மனியின் ஸ்விலிங்கும் வெளியிட்டன. குலுக்கல் எனக்கு நியாயமாகவே படுகிறது. முன்பணம் வாங்கிய நீண்ட வரிசை உண்மையில் ஒரு கடன். எஃகு விலை ஏறும், கைக்கு வலி வரும், ஓர் அலகு உலையில் கெடும். ஆனால் கொடுத்த தேதி மாறாது. செய்து முடித்ததை மட்டும் விற்பவருக்கு அந்தப் பாரம் இல்லை.

அவசரப்படுத்துவதும் எஃகைத்தான் தாக்குகிறது. தோய்த்த அலகைச் சாணைப் பட்டையில் தேய்க்கும்போது மெல்லிய வாய் நொடியில் சூடாகும். 300 டிகிரி வாக்கில் எஃகின் மேல் நீலம் படரும். அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று பொருள். அதனால் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு தண்ணீரில் நனைத்து, வெறும் விரலால் தொட்டுப் பார்த்துத் தேய்க்கிறார்கள். நாற்பது கத்திகள் காத்திருந்தாலும் இந்த வேகம் மாறாது.

நல்ல பட்டறைக்காரர் ஆர்டர் வந்ததும் திருப்பிக் கேள்வி கேட்பார். எந்தப் பலகையில் நறுக்குவீர்கள், மரமா கண்ணாடியா? உறைந்த இறைச்சி வெட்டுவதுண்டா? வீட்டில் யார் தீட்டுவார்கள்? கழுவியதும் துடைப்பீர்களா? பதில்களைப் படித்துவிட்டு, மெல்லிய கத்தி கேட்டவருக்கு அவர் இப்படி எழுதக்கூடும்: "2 மில்லிமீட்டரில் செய்கிறேன், ஆனால் அடுத்த தொகுதியில்தான். கோழி எலும்புக்குப் பழைய கத்தியையே வைத்துக்கொள்ளுங்கள். சம்மதமென்றால் பிடிக்கு எந்த மரம் வேண்டும் என்று சொல்லுங்கள்."