மெக்னீசியம் மாத்திரை மூளைக்குப் போய்ச் சேருமா?

நினைவாற்றல் கூடும், நல்ல தூக்கம் வரும், பதற்றம் குறையும் என்றெல்லாம் சொல்லி மெக்னீசியம் மாத்திரைகளை விற்கிறார்கள். மூளைக்கு மெக்னீசியம் கட்டாயம் வேண்டும். விழுங்கும் மாத்திரை அங்கே எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி.

நரம்பு செல்லின் மேலுறையில் என்எம்டிஏ ஏற்பி என்றொரு புரதம் இருக்கிறது. அதன் நடுவே நுண்ணிய துளை. பக்கத்து நரம்பு செல் அனுப்பும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டினால் துளை வழியாகக் கால்சியம் உள்ளே போக வேண்டும். ஆனால் செல் ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். அந்த எதிர்மின் ஈர்ப்பில், நேர்மின் கொண்ட மெக்னீசியம் அயனி துளைக்குள் வந்து, புட்டியில் தக்கை வைத்ததுபோல் அடைத்துக்கொள்கிறது. குளுட்டமேட் மட்டும் வந்து பயனில்லை. பக்கத்து ஏற்பிகள் வழியே சோடியம் புகுந்து செல் ஏற்கெனவே கிளர்ந்திருந்தால்தான் மின்னழுத்தம் மாறும், மெக்னீசியம் விலகும், கால்சியம் பாயும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் அந்த நரம்பிணைப்பு வலுப்படுகிறது. நாம் ஒன்றைக் கற்றுக்கொள்வதன் அடிப்படைகளில் இதுவும் ஒன்று. 1984இல் தெரியவந்த இந்த விஷயம் இன்றும் என்னை வியக்க வைக்கிறது. அடைப்பு சரியாக இல்லாமல் கால்சியம் அளவுமீறி நுழைந்தால் செல்லே செத்துப்போகும்.

சரி, மாத்திரை? உடம்பில் உள்ள சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. ரத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதனால் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் உள்ளே குறைபாடு இருக்கலாம். மூளையோ தன்னைச் சுற்றியுள்ள திரவத்தில் மெக்னீசியத்தின் அளவைத் தானே கட்டுப்படுத்துகிறது. ஊசி வழியே நேராக ரத்தத்தில் ஏற்றினாலும் அங்கே சிறிதளவே கூடும். விலை மலிவான ஆக்சைடு வகை குடலில் சரியாக உறிஞ்சப்படுவதும் இல்லை. எல்-த்ரியோனேட் வகை எலிகளின் மூளையில் மெக்னீசியத்தைக் கூட்டி நினைவாற்றலை மேம்படுத்தியதாக 2010இல் ஓர் ஆய்வு வந்தது. மனிதர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகள். சிலவற்றில் தயாரிப்பாளர்களின் பங்கும் உண்டு. நினைவாற்றலுக்காக இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உறுதியான சான்று வேறிடத்தில் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பை மெக்னீசியம் சல்பேட் ஊசி தடுக்கிறது. 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில் வலிப்பு அபாயம் பாதிக்கு மேல் குறைந்தது. அடிக்கடி ஒற்றைத் தலைவலி வருபவர்களுக்கும் மருத்துவர்கள் மாத்திரை தருவதுண்டு.

மற்றவர்களுக்குக் கம்பு, கேழ்வரகு, நிலக்கடலை, கீரை, பயறு போதும். சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மெக்னீசியம் மாத்திரையைத் தொடவே கூடாது, வெளியேற வழியின்றி ரத்தத்தில் தேங்கிவிடும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.