வயல் மோட்டாருக்கு எது நல்ல நேரம்?

மன்னார்குடிப் பக்கத்தில் சித்தப்பாவுக்கு ஒரு போர்வெல் இருக்கிறது. மேட்டூர் திறக்குமுன்பே முன்பட்டக் குறுவைக்கு நாற்று விட்ட நாட்களில், இரவு ஒரு மணிக்கு எழுந்து, பாம்புக்குப் பயந்து டார்ச்சைத் தரையிலேயே அடித்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போவார். பலகையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று சின்ன விளக்குகள். மூன்றும் எரிந்தால் மோட்டாருக்கு வேண்டிய மும்முனை (த்ரீ பேஸ்) கரண்ட் வந்துவிட்டது, ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தலாம். இரண்டுதான் எரிகிறதென்றால் வரப்பில் உட்கார வேண்டியதுதான்.

ஏன் நடுராத்திரி? மின்கட்டமைப்பில் உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். உற்பத்தி மிஞ்சினால் அலைவெண் 50 ஹெர்ட்ஸைத் தாண்டும், போதாவிட்டால் கீழே இறங்கும். நிலக்கரிக் கொதிகலனை அடுப்பு மாதிரி நினைத்தபோது அணைத்துப் பற்றவைக்க முடியாது, மறுபடி சூடேற மணிக்கணக்கில் ஆகும். ஊர் தூங்கும்போது மிஞ்சிய கரண்டை இறக்கி வைக்க வயல் மோட்டார் வாகாக இருந்தது.

இப்போது சோலார் பெருகியதில் கரண்ட் மலிவது நண்பகலில். பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கும் ஏசியும் போடும் நேரத்தில்தான் தட்டுப்பாடு. சித்தப்பா மோட்டாரின் நேரம் மட்டும் பழைய நிலக்கரிக் கணக்கிலேயே கிடக்கிறது.

இந்தக் கணக்கை மாற்றும் கருவிகள் மின்சார ஒழுங்குமுறை ஆணையங்களிடம் இருக்கின்றன. கரண்ட் பில் ஏறும்போது மட்டும் பேப்பரில் பெயர் அடிபடுமே, அவைதான். கட்டணம் வைப்பதோடு, விநியோக நிறுவனம் வாங்கும் மின்சாரத்தில் இத்தனை பங்கு காற்று, சூரியன் போன்றவற்றிலிருந்து வர வேண்டும் என்று விதிக்கவும் 2003 மின்சாரச் சட்டம் அவற்றுக்கு அதிகாரம் தருகிறது. எனக்குப் பிடித்தது அதிகம் பேசப்படாத வேறொரு விதி. மத்திய அனல் நிலையங்கள் தேவைப்பட்டால் திறனில் 55 சதவீதம் வரை இறங்கி ஓட வேண்டும், அதனால் கூடும் செலவுக்கு ஈடு உண்டு என்று மத்திய ஆணையம் 2016இல் சொன்னது. வெயிலுக்கு வழிவிட்டு நிலக்கரி ஒதுங்கி நிற்க ஒரு கூலி!

அடுத்தது நம் பக்கம். 2023இல் திருத்திய மத்திய விதிகளின்படி வெயில் நேரக் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிட 20 சதவீதமாவது குறைய வேண்டும், உச்ச நேரத்தில் கூட வேண்டும். எந்த எட்டு மணி நேரம் வெயில் நேரம் என்று குறிப்பது மாநில ஆணையம். விவசாயத்துக்கு இது கிடையாது. இருந்தாலும் பிரயோசனமில்லை. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம், பூஜ்யத்தில் 20 சதவீதம் தள்ளினாலும் பூஜ்யம்தானே. (இலவசம் என்றாலும் ஆணையம் ஒரு விலை வைக்கும், அதை அரசு கட்டும். முன்கூட்டியே கட்டச் சொல்கிறது சட்டத்தின் 65ஆம் பிரிவு.)

ஆகவே டெல்டாவில் மோட்டாரை நகர்த்த விலை உதவாது. மும்முனை எத்தனை மணிக்கு வருகிறது என்பதை மாற்ற வேண்டும். 5 குதிரைத்திறன் மோட்டார் சுமார் 4 கிலோவாட் இழுக்கும். ஆயிரம் மோட்டார் சேர்ந்து ஓடினால் 4 மெகாவாட். மாநிலத்தில் விவசாய இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடப்போவதில்லை, ஆனால் ஒரு பங்கு நண்பகலுக்கு வந்தாலே பெரிய விஷயம். மேட்டூர் திறக்குமுன் மோட்டார்கள் மும்முரமாக ஓடும் ஏப்ரல், மே மாதங்களில் வெயிலுக்கும் பஞ்சமில்லை. பகலில் இறைத்தால் கொஞ்சம் ஆவியாகும், சரி. மிச்சத் தண்ணீர் வரப்புக்குள் நிற்கும், அதற்கு பாட்டரி வேண்டாம்.

இதற்கு வயல் மோட்டார்களின் ஃபீடரை, அதாவது துணைமின் நிலையத்திலிருந்து வரும் கரண்ட் லைனை, வீடுகளின் ஃபீடரிலிருந்து பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டாருக்கு மட்டும் தனியாக நேரம் வைக்க முடியாது. அந்த முதலீட்டுக்கு ஒப்புதல் தருவதும் ஆணையம்தான். இன்னொரு பக்கம், பகல் முழுக்க இலவச மும்முனை வந்தால் நிலத்தடி நீர் என்னாகும், கடலோரத்தில் உப்பு ஏறாதா என்ற கவலையும் நியாயமானதே. மணியோடு அளவையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

2022 கட்டண உயர்வுக்கான கருத்துக் கேட்புக் கூட்டங்கள் கோவை, மதுரை, சென்னையில் நடந்தன. டெல்டாக்காரர் பஸ் ஏறித்தான் போக வேண்டும். அடுத்த தடவை போய், பகலில் மும்முனை கேளுங்கள் என்று சித்தப்பாவிடம் சொன்னேன்.

“பில்லே வராதவனை அங்கே யாருப்பா கேப்பாங்க?” என்றார்.