சான் ஹோசேயிலிருந்து ஆஸ்டினுக்கா? முதலில் வீட்டு வரியைப் பாருங்கள்

"டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, அதனால் மிச்சம்தான்." கலிஃபோர்னியாவை விட்டுக் கிளம்புகிறவர்கள் போடுகிற முதல் கணக்கு இது. கணக்கில் தப்பில்லை, ஆனால் பாதிதான். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்யும்போது, கழிவுகள் போக வரிக்குரிய வருமானம் 2 லட்சம் டாலர் என்றால், கலிஃபோர்னியாவுக்குக் கட்டுவது ஏறக்குறைய 11,500 டாலர். ஆஸ்டின் போனால் அது நின்றுவிடும். வாடகை வீட்டில் இருக்கும்வரை லாபம் கையில் நிற்கும்.

வீடு வாங்கினால் கதை வேறு. ஆஸ்டினைச் சுற்றியுள்ள புதுக் குடியிருப்புகளில் தண்ணீர், சாக்கடை வசதிக்கென்று 'மட்' வரியும் சேர்வதால், மொத்த வீட்டு வரி 2 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். 2.2 சதவீதம் என்று வைத்தால் 5 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 11,000. மிச்சம் பிடித்தது அப்படியே இங்கே போய்விடுகிறது.

புது வீட்டில் இன்னொரு சிக்கல். வரிக்கான மதிப்பு ஜனவரி 1 அன்று இருந்த நிலையை வைத்துப் போடப்படுகிறது. அன்று வெறும் மனையாக இருந்திருந்தால், முதல் ஆண்டு பில் 1 லட்சம் டாலர் மனைக்கு மட்டும், 2,200தான் வரும். வங்கியும் அதை வைத்தே எஸ்க்ரோவுக்கு, அதாவது வீட்டு வரி கட்ட மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் கணக்குக்கு, பிடிக்கும். அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கும் பில் வரும்போது 8,800 துண்டு விழும். மாதத் தவணை 733 டாலர் கூடும். விழுந்த துண்டை 12 மாதத்தில் வசூலித்தால் அதற்கு இன்னொரு 733. வீடு வாங்கும்போதே முழு மதிப்புக்கு எஸ்க்ரோ போடச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள்.

குடியேறியதும், சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கான வரிச் சலுகையான ஹோம்ஸ்டெட் விலக்குக்குக் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். 2025 முதல் பள்ளி வரிக்கான மதிப்பில் 1,40,000 டாலர் கழியும். ஓட்டுநர் உரிமத்தில் புது முகவரி இருக்க வேண்டும். விண்ணப்பம் இலவசம்; கட்டணம் கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடலாம்.

காப்பீட்டில் பிரீமியத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஆலங்கட்டி மழைக்கான டிடக்டிபிள் (சேதத்தில் முதலில் நீங்கள் கட்டும் பங்கு) பெரும்பாலும் சதவீதக் கணக்கு: 4 லட்சம் டாலர் காப்பீட்டில் 2 சதவீதம் என்றால், கூரை உடைந்தால் முதல் 8,000 உங்களுடையது.

மின்சாரம் ஊருக்கு ஊர் மாறும். ஆஸ்டின் நகரில் ஆஸ்டின் எனர்ஜிதான். பக்கத்து ஊரான ரவுண்ட் ராக்கில் பெரும்பாலும் நீங்களே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆர்எஸ்யூ, அதாவது கம்பெனி ஊழியர்களுக்குத் தரும் பங்குகள், வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கலிஃபோர்னியாவில் வேலை செய்தபோது கொடுத்த பங்குகள் டெக்சஸ் போனபின் வெஸ்ட் ஆனாலும் (உங்கள் கைக்கு வந்தாலும்), கொடுத்த நாளிலிருந்து வெஸ்ட் ஆகும் நாள்வரை கலிஃபோர்னியாவில் வேலை செய்த நாட்களின் விகிதத்துக்கு அந்த மாநிலம் வரி கேட்கும். அதற்கு, அங்கே குடியிருக்காதவர்களுக்கான 540என்ஆர் வரிப் படிவம். கம்பெனி தரும் இடமாற்றப் பணமும் சம்பளமாகவே ஃபெடரல் வரிக்கு உட்படும். 10,000 தருகிறார்கள் என்றால் அது வரிக்கு முன்பா, பின்பா என்று ஆஃபர் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்டுவிடுங்கள்.