ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவே: ஐரோப்பாவின் சிபிஇ கூட்டு மானியம் எப்படி வேலை செய்கிறது?

சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீர், சர்க்கரைக் கிழங்கின் சக்கை, கோதுமை வைக்கோல், மீன் வெட்டும் கூடங்களின் கழிவு. இவற்றிலிருந்து உணவுப் புரதமோ, அமிலமோ, பிளாஸ்டிக்குக்கு மாற்றுப் பொருளோ எடுக்கலாம் என்று ஐரோப்பிய ஆய்வகங்கள் காட்டி வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரு லிட்டர் குடுவையில் நடந்தது பத்தாயிரம் லிட்டர் கலனிலும் நடக்குமா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை. வங்கிக்கு அது அபாயம். பல்கலைக்கழகத்துக்கு அது ஆய்வே அல்ல. தனி நிறுவனத்துக்கோ கைக்கு மீறிய செலவு. இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் 'சர்க்குலர் பயோ-பேஸ்டு யூரோப்' கூட்டு நிறுவனம், சுருக்கமாக சிபிஇ.

இது 2021 நவம்பரில் வெளியான 2021/2085 எண் ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதியின்கீழ் உருவானது. அலுவலகம் பிரஸ்ஸல்ஸில். 2014 முதல் இயங்கிய பிபிஐ என்ற கூட்டு நிறுவனத்தின் வாரிசு இது. பங்காளிகள் இருவர்: ஐரோப்பிய ஒன்றியத்தின் சார்பில் ஐரோப்பிய ஆணையம், தொழில்துறையின் சார்பில் பிஐசி எனப்படும் உயிரிசார் தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பு. ஒன்றியம் 100 கோடி யூரோ வரை தரும். தொழில்துறை குறைந்தது 100 கோடி யூரோ போட வேண்டும். ஏற்பாடு 2031 வரை.

தொழில்துறையின் அந்த 100 கோடியும் உண்டியலில் விழும் பணம் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பகுதி வேறு உருவில் வருகிறது. மானியத் திட்டத்துக்குள் ஒரு பிஐசி உறுப்பினர் செய்யும் தகுதியுள்ள செலவில் மானியம் போக மீதியைத் தானே ஏற்றுக்கொள்கிறாரே, அது ஒருவகைப் பங்களிப்பு. முழு மானியம் கேட்க உரிமை இருந்தும் குறைத்துக் கேட்பது இதற்காகத்தான். இன்னொரு வகை, திட்டத்துக்கு வெளியே, ஆனால் அதன் நோக்கத்தோடு ஒட்டிச் செய்யும் முதலீடு. திட்டத்தின் முடிவை நம்பிப் பக்கத்தில் எழுப்பும் புதிய ஆலைப் பிரிவு போன்றது. இரண்டையும் சான்றோடு கணக்குக் காட்ட வேண்டும்.

கேள்வியைத் தொழில்துறை வைக்கிறது என்பதே இத்திட்டத்தின் தனி முகம். நீண்டகால ஆய்வுத் திட்ட ஆவணத்தை ஒட்டி ஆண்டுதோறும் வேலைத்திட்டம் தயாராகும். அறிவியல் குழுவும் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளும் கருத்துச் சொல்வார்கள். பிறகு தலைப்புகளோடு விண்ணப்பங்களுக்கான அழைப்பு வெளியாகும். 2023 அழைப்புக்கு 21.55 கோடி யூரோ, 2024-க்கு 21.3 கோடி, 2025-க்கு 17.2 கோடி ஒதுக்கினார்கள். இந்த மூன்று ஆண்டுகளிலும் அழைப்பு ஏப்ரலில் திறந்து செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் மூடியது. விண்ணப்பிக்க பிஐசி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. உறுப்பினருக்குத் தனி மதிப்பெண்ணும் கிடையாது. மதிப்பிடுவோர் வெளியிலிருந்து வரும் நிபுணர்கள்.

தலைப்புகள் பெரும்பாலும் மூன்று வகை. ஆய்வு-புத்தாக்க வகையில், டி.ஆர்.எல். என்ற, 1 முதல் 9 வரை போகும் தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோலில் 4 அல்லது 5-ஐத் தொட்டு முடிக்க வேண்டும். அதாவது ஆய்வகம் தாண்டி, தொழிலுக்குப் பொருத்தமான சூழலில் சோதித்துக் காட்டுவது. புத்தாக்க வகை 6–7 வரை போகும். மாதிரி ஆலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். 'கொடிக்கப்பல்' வகை 8. வணிக அளவில், அந்த வகையில் முதல் ஆலை. பிரான்சின் செயிண்ட்-அவோல்டில் சர்க்கரைக் கிழங்கின் துணைப்பொருள்களை நொதிக்கவைத்து ஏழு கரிம அமிலங்கள் எடுக்கும் அஃபிரென் ஆலை பிபிஐ காலத்துக் கொடிக்கப்பல். ஆலை 2022-இல் எழுந்தது. இடைவிடாத உற்பத்தியை நிலைநிறுத்த அதன்பிறகும் ஆண்டுகள் பிடித்தன. எந்த வகையில் விண்ணப்பிக்கிறோம் என்பதில் நேர்மை வேண்டும். 3-இல் இருக்கும் நுட்பத்தை 5 என்று சொல்லிப் புத்தாக்க வகையில் நுழைபவரை மதிப்பீட்டாளர் சான்று கேட்டே பிடித்துவிடுவார்.

பணம் எவ்வளவு?

ஹொரைசன் யூரோப் என்ற ஆய்வு நிதிச் சட்டகத்தின் விதிகளே இங்கும். ஆய்வு-புத்தாக்க வகையில் தகுதியுள்ள செலவில் 100% வரை கிடைக்கும். புத்தாக்க வகையில் இலாப நோக்குள்ள நிறுவனத்துக்கு அதிகபட்சம் 70%, பல்கலைக்கழகம் போன்ற இலாப நோக்கற்றவற்றுக்கு 100%. சிபிஇ தன் அழைப்பில் நிறுவனங்களின் விகிதத்தை இதைவிடக் குறைத்து வைக்கலாம். ஆகவே தலைப்பின் நிபந்தனைப் பக்கத்தைப் படிக்காமல் பட்ஜெட்டில் கை வைக்காதீர்கள். மேற்செலவுக்கு ரசீது வேண்டாம், நேரடிச் செலவில் 25% தானாகச் சேரும். துணை ஒப்பந்தத்துக்குக் கொடுத்த தொகை போன்ற சிலவற்றுக்கு அந்த 25% இல்லை. ஊழியர் செலவு நாள்கணக்கு: ஆண்டுச் செலவை 215-ஆல் வகுத்தால் வருவது ஒரு நாளின் விலை.

சிறு நிறுவனங்கள் அதிகம் இடறுவது இயந்திரச் செலவில். 30 லட்சம் யூரோவுக்கு ஒரு வடிகட்டும் அமைப்பு வாங்குகிறீர்கள். உங்கள் கணக்கு முறைப்படி அதன் ஆயுள் 10 ஆண்டு. திட்டத்தில் முழுமையாக 3 ஆண்டு ஓடுகிறது. அழைப்பில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் 3 ஆண்டுத் தேய்மானம், அதாவது 9 லட்சம் மட்டுமே தகுதியுள்ள செலவு. 25% சேர்த்தால் 11.25 லட்சம். 70% விகிதத்தில் கைக்கு வருவது 7,87,500 யூரோ. மீதி 22 லட்சத்துக்கு மேல் உங்கள் வங்கியிலிருந்தோ பங்குதாரரிடமிருந்தோ வர வேண்டும். 'ஐரோப்பா 70 சதவீதம் தருகிறது' என்று இயக்குநர் குழுவிடம் சொல்லிவிட்டு வந்தவர்கள் திணறுவது இங்கேதான்.

பணம் வரும் வேகத்தையும் கணக்கில் வையுங்கள். தொடக்கத்தில் முன்பணம் உண்டு. அதிலிருந்தே மானியத்தில் சுமார் 5%-ஐ, திரும்ப வராத பணத்தை ஈடுகட்டும் பரஸ்பரக் காப்பு நிதிக்குப் பிடித்துக்கொள்வார்கள். இடைக்காலத் தவணைகள் சேர்ந்தாலும் வழக்கமாக 90%-ஐத் தாண்டாது. கடைசிப் பத்து சதவீதம் இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே. சில தலைப்புகள் மொத்தத் தொகை முறையில் வரும்: ரசீது கேட்க மாட்டார்கள், ஆனால் திட்ட வேலையைப் பிரித்த பகுதிகளான வேலைத்தொகுதிகளில் ஒன்று முடியாவிட்டால் அதற்கான பணமும் நிற்கும். அந்த முறையில் முப்பது மாத வேலையை ஒரே தொகுதியாக வைப்பது தானே போட்டுக்கொள்ளும் சுருக்கு.

கூட்டணியும் விண்ணப்பமும்

குறைந்தது மூன்று அமைப்புகள், மூன்றும் வெவ்வேறு நாட்டில். ஒன்றியத்தின் உறுப்பு நாடு, அல்லது ஒப்பந்தத்தின் மூலம் ஹொரைசன் யூரோப்பில் சேர்ந்த 'இணைந்த நாடு'. அதில் ஒன்றாவது உறுப்பு நாட்டில் இருக்க வேண்டும். பிரிட்டன் 2024 முதல் இணைந்த நாடு. இது சட்டப்படியான குறைந்தபட்சம்தான். ஜெயிக்கும் கூட்டணியில் மூலப்பொருள் தருபவர், பதப்படுத்துபவர், கடைசியில் அந்தப் பொருளை வாங்கித் தன் தயாரிப்பில் சேர்க்கப்போகிறவர் என்று சங்கிலி அறுபடாமல் இருக்கும். வாங்குபவர் இல்லாத விண்ணப்பத்தில் 'தாக்கம்' பகுதி வெறும் ஆசையாக நிற்கும்.

ஐரோப்பிய ஆணையத்தின் நிதி-ஒப்பந்த இணையதளத்தில் அமைப்பைப் பதிந்தால் ஒன்பது இலக்க எண் ஒன்று கிடைக்கும். அது இல்லாமல் உள்ளே போக முடியாது. பல்கலைக்கழகம், ஆய்வு நிறுவனம், அரசு அமைப்பு என்றால் பாலின சமத்துவத் திட்டம் கையெழுத்தாகி வெளியிடப்பட்டிருக்க வேண்டும். தனியார் நிறுவனத்துக்கு இந்த நிபந்தனை இல்லை. ஐந்து லட்சம் யூரோவோ அதற்கு மேலோ கேட்கும் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் தனியார் என்றால் அவருடைய நிதிநிலையைச் சோதிப்பார்கள். தொழிலில் கெட்டிக்காரராக இருந்தும் வரவு-செலவு மெலிந்த புது நிறுவனம் ஒருங்கிணைக்க முன்வருவது அதனால் வினை. பக்க வரம்பு மீறினால் மீறிய பக்கங்கள் மதிப்பீட்டாளர் கண்ணுக்கே படாது.

சிறப்பு, தாக்கம், செயல்படுத்தும் தரம் என்று மூன்று தலைப்பில் தலா 5 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 3, மொத்தத்தில் 10 எடுக்க வேண்டும். அது வாசல்படி மட்டுமே. புத்தாக்க வகையில் தரவரிசை போடும்போது தாக்கத்துக்கு ஒன்றரை மடங்கு எடை. கடைசி நாளிலிருந்து ஐந்து மாதத்துக்குள் முடிவு, எட்டு மாதத்துக்குள் மானிய ஒப்பந்தம். செப்டம்பரில் போட்டவர் அடுத்த கோடையில் வேலை தொடங்கலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கே கவிழ்கிறது?

வேதியியலில் கவிழ்வதைவிட மூலப்பொருளிலும் சட்டத்திலும் கவிழ்வது அதிகம் என்பது எங்கள் கணிப்பு. ருமேனியாவின் பொடாரியில், பிபிஐ ஆதரவோடு, ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் வைக்கோலை 50,000 டன் எத்தனாலாக்கும் திட்டத்தோடு கிளாரியன்ட் நிறுவனம் ஆலை கட்டியது. 2021-இல் முடிந்தது. உற்பத்தியை எதிர்பார்த்த அளவுக்கு ஏற்ற முடியாமல் 2023 டிசம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள். வைக்கோல் ஒரே சீராக வராது. மண்ணும் கல்லும் கலக்கும், ஈரப்பதம் மாறும், அறுவடை சில வாரத்தில் முடிந்துவிட ஆலையோ ஆண்டு முழுதும் ஓட வேண்டும். சேமிப்புக் கொட்டகையும் விவசாயிகளோடு நீண்டகால ஒப்பந்தமும் விண்ணப்பத்திலேயே இருக்கிறதா என்று இப்போது கேட்கிறார்கள் என்றால் காரணம் உண்டு.

உணவுக்குப் போகும் பொருளுக்கு இன்னொரு சுவர். 1997 மே 15-க்கு முன் ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள் கணிசமாக உண்ணாத எதுவும் 2015/2283 ஒழுங்குவிதிப்படி 'புதிய உணவு'. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்சா ஒன்பது மாதத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். ஆனால் கூடுதல் தரவு கேட்டால் கடிகாரம் நின்றுவிடும். மஞ்சள் மாவுப்புழுவுக்கு 2021-இல்தான் முதல் அனுமதி கிடைத்தது. மூன்று ஆண்டுத் திட்டத்தின் மூன்றாம் ஆண்டில் ஒப்புதல் கோப்பைத் திறப்பவர், திட்டம் முடிந்தபின் விற்க முடியாத பொருளோடு உட்கார்ந்திருப்பார். நச்சியல் சோதனை எந்த மாதிரித் தொகுதியில் நடக்கப்போகிறதோ அதே உற்பத்தி முறையில் கடைசி வரை நிற்பதும் முக்கியம். நடுவில் நொதியை மாற்றினால் பழைய தரவு செல்லாமல் போகலாம்.

மூன்றாவது, கூட்டணி ஒப்பந்தம். யார் கொண்டுவந்த அறிவு, திட்டத்தில் பிறந்தது யாருடையது, போட்டியாளர் எதைப் பார்க்கலாம் என்பதை எழுதி முடிக்காமல் மானிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். 'டெஸ்கா' என்ற பொது மாதிரியை எடுத்துத் திருத்திக்கொள்வதே நடைமுறை.

இந்திய நிறுவனங்கள் சேரலாம், ஆனால் இயல்பாக மானியம் கிடையாது. தம் செலவில் இணைப் பங்காளியாக வர வேண்டும். இலங்கை அமைப்புகள் ஹொரைசன் யூரோப்பின் பொதுப் பட்டியல்படி தானாகவே நிதி பெறத் தகுதியுள்ளவை. இருவருமே அந்த மூன்று நாட்டுக் குறைந்தபட்சக் கணக்கில் சேர மாட்டார்கள். ஆகவே தென்னை நார், மீன் கழிவு போன்றவற்றில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து, கொழும்புத்து ஆய்வாளர் செய்ய வேண்டியது அழைப்பு திறக்கும் ஏப்ரலுக்கு முன்பே, குளிர்காலத்தில், ஐரோப்பிய ஒருங்கிணைப்பாளர் ஒருவரைப் பிடிப்பது. தலைப்புகளின் வரைவு அப்போதே தொழில்துறை வட்டத்தில் பேச்சாகிவிடும். மே மாதத்தில் கதவு தட்டுபவருக்கு மீதமிருப்பது வேலைத்தொகுதி ஆறில் ஒரு ஓரம்.