வெடிப்புக் கோடு இல்லாததுதான் நல்ல பாத்திக்

"அக்கா, இந்தப் பாத்திக்கில் வெடிப்புக் கோடே இல்லை, அப்போ இது மெஷின் பிரிண்ட்தானே?" பழைய துணிகளைச் சுத்தம் செய்து பழுதுபார்த்துக் கொடுக்கும் வேலையில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பினாங்கில் இருப்பதால் பாட்டி காலத்துச் சாரோங்குகள், அதாவது மெழுகெழுதிச் சாயமேற்றிய பாத்திக் இடுப்புத் துணிகள், நிறைய வரும். போன வாரம் வந்தது சாரோங் இல்லை, குஷன் உறைகள். வீட்டு அலங்காரம் செய்துகொடுத்தவர் "வெடிப்பு இல்லை, ஒரிஜினல் இல்லை, தாராளமாக வெட்டலாம்" என்று சொல்லி, வெட்டியும் கொடுத்துவிட்டார். என்னிடம் கொண்டுவந்தது காபிக் கறையை எடுக்க. பார்த்தால் ஜாவாவின் வட கரை ஊரான பெகலோங்கானில் கையால் மெழுகு எழுதிய பூங்கொத்துச் சாரோங். பட்டறையின் கையெழுத்து ஒரு உறையில் பாதி, இன்னொன்றில் மீதி. கறை போய்விட்டது. வேறென்ன சொல்ல.

இதே காரணத்துக்காக வெட்டியதை, தரை துடைத்ததை, வேலைக்கு வந்தவரிடம் தூக்கிக் கொடுத்ததை எல்லாம் பார்த்தாகிவிட்டது. அதனால் இதை எழுதியே தீரவேண்டும்.

பாத்திக் செய்முறையை நீட்டப் போவதில்லை. சாயம் ஏறக்கூடாத இடத்தில் மெழுகு, அப்புறம் சாயத்தொட்டி, அப்புறம் கொதிநீரில் மெழுகை எடுப்பது, அடுத்த நிறத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து. அவ்வளவுதான். வெடிப்புக் கோடு எங்கே வருகிறது என்றால், காய்ந்த மெழுகு கசங்கி நொறுங்கும் இடத்தில். அந்தக் கீறலுக்குள் சாயம் புகுந்து நரம்பு மாதிரி கோடு விழும். ஜாவாவில் நல்ல பட்டறையில் இது நடந்தால் பாராட்ட மாட்டார்கள், வேலை கெட்டுவிட்டது என்பார்கள். அங்கே மெழுகுக் கலவையைப் பக்குவப்படுத்துவதே இது நடக்காமல் இருக்கத்தான். பாரஃபின் கூடினால் மெழுகு உடையும், தேன்மெழுகு சேர்த்தால் துணியோடு வளையும், பிசின் சேர்த்தால் ஒட்டி நிற்கும். இந்த விகிதத்தைப் பட்டறைகள் வெளியில் சொல்வதில்லை. துணியின் இரண்டு பக்கமும் மெழுகு எழுதி, சாயத்தொட்டியில் கசங்காமல் இறக்கி, மாதக்கணக்கில் உழைத்து வெடிப்பு இல்லாமல் ஒரு துணியைக் கொண்டுவருகிறார்கள். அதைப் பார்த்து நாம் "வெடிப்பு இல்லை, போலி" என்கிறோம். வேண்டுமென்றே மெழுகை நொறுக்கிச் செய்யும் வகையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு தனி வகை, அசலுக்கான முத்திரை இல்லை.

இன்னும் வேடிக்கை, அந்தக் கோட்டை அச்சில் கொண்டுவருவதுதான் மிக எளிது. இன்று பாலியெஸ்டரில் அச்சடிக்கிறவர் முதலில் அச்சடிப்பதே வெடிப்பைத்தான். 19-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்து ஆலைகள் ஜாவா பாத்திக்கை இயந்திரத்தில் நகல் செய்து ஜாவாவிலேயே விற்கப் பார்த்தன. மெழுகுக்குப் பதில் அவர்கள் போட்ட பிசின் வெடித்து, துணியெங்கும் கோடு விழுந்தது. ஜாவாப் பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. அதே துணி மேற்கு ஆப்பிரிக்காவில் அமோகமாக எடுபட்டு, அங்கே தனி மரபாகவே வளர்ந்தது. 1846-இல் நெதர்லாந்தின் ஹெல்மொண்டில் தொடங்கிய விலிஸ்கோ ஆலை இன்றுவரை அந்தச் சந்தைக்குத்தான் செய்கிறது. ஆக, எந்தக் கோட்டை வைத்து அசல் என்கிறீர்களோ அதை ஜாவாக்காரர்களே வேண்டாம் என்று தள்ளியிருக்கிறார்கள். தயவுசெய்து இதை ஒருமுறை நினைவில் வையுங்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? புள்ளிகளைப் பாருங்கள். சாந்திங் என்ற சின்னச் செம்புக் குழாயால் எழுதிய துணியில் ஒரே பூ பத்து இடத்தில் வந்தால் பத்தும் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கும், உள்ளே நிரப்பிய புள்ளிகள் எண்ணிக்கையில்கூட ஒத்துப்போகாது. பின்பக்கம் முன்பக்கம் அளவுக்கே தெளிவாக இருக்கும். ஆனால் இப்போது இரண்டு பக்கமும் அச்சடிக்கிறார்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த சாப் என்ற செம்பு அச்சால் மெழுகு பதித்த துணியில் கட்டம் கட்டமாக உருவம் திரும்பும், இணைப்பில் லேசாக விலகல் தெரியும். அதுவும் அசல் பாத்திக்தான், மெழுகு பட்டிருக்கிறதே. விலை வேறு, அவ்வளவுதான்.

இரண்டாவது தொல்லை, "பூங்கொத்தும் பறவையுமாக இருக்கிறது, இது ஜாவா மாதிரியே இல்லையே" என்பது. ஜாவா என்றால் பழுப்பும் நீலமும்தான் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அது மத்திய ஜாவாவின் சோலோ, யோக்யகர்த்தா அரண்மனைகளின் பாத்திக். 1755-இல் மாத்தாராம் அரசு இரண்டாகப் பிரிந்த பிறகு இந்த இரண்டு அரண்மனைகளும் தங்களுக்கென்று ஒரு மரபை இறுக்கமாக வைத்துக்கொண்டன. சாய்வாக ஓடும் பாராங், நான்கிதழ் மாதிரியான காவுங் போன்ற சிலவற்றை அரச குடும்பத்தைத் தவிர மற்றவர்கள் உடுத்தக்கூடாது என்று தடையே இருந்தது. சோலோவின் பழுப்பு மஞ்சள் சாய்ந்தது, யோக்யகர்த்தாவில் வெள்ளைப் பின்னணி பளிச்சென்று நிற்கும். அந்தப் பழுப்புக்குச் சோகா என்று பெயர். நம் தெருவோரங்களில் நிற்கும் இயல்வாகையின் பட்டையும் வேறு சில மரங்களும் சேர்ந்து கொடுப்பது.

வட கரையோரம் கதையே வேறு. கப்பல் வந்து போகும் ஊர்களில் யார் யார் இறங்கினார்களோ அவர்களெல்லாம் துணியில் ஏறிவிட்டார்கள். சிரெபோனின் மேகாமெண்டுங் என்ற வகையில் அடுக்கடுக்காகச் சுருளும் மேகம் சீன ஓவியத்திலிருந்து வந்தது. லாசெமில் சீனக் குடும்பங்களின் பட்டறைகள் பீனிக்ஸ் பறவையையும், நுணா இனத்து மெங்குடு வேரிலிருந்து எடுத்த அந்த அடர் சிவப்பையும் கொண்டுவந்தன. நூலுக்கே முடிச்சுப் போட்டுச் சாயமேற்றி நெய்யும் குஜராத்துப் பட்டோலாப் பட்டை மெழுகுப் புள்ளிகளால் பாவனை செய்ததுதான் ஜ்லம்ப்ராங். நம் சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய பருத்தித் துணிகளை டச்சுக் கம்பெனி மூட்டை மூட்டையாக அங்கிருந்து வாங்கிக்கொண்டுபோய் அந்தத் தீவுகளில் வாசனைப் பொருட்களுக்கு மாற்றியது. பல சாரோங்குகளின் தலைப்பில் எதிரும் புதிருமாக நிற்கும் முக்கோண வரிசையைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் துணிகள்தான் ஞாபகம் வரும். ஒரே துணிக்கு லாசெமில் சிவப்பு, பெகலோங்கானில் நீலம், சோலோவில் சோகா என்று மூன்று ஊரில் சாயமேற்றிய வகையும் உண்டு, தீகா நெகெரி என்பார்கள்.

பூங்கொத்து வந்தது ஐரோப்பியக் கலப்புக் குடும்பப் பெண்கள் நடத்திய பட்டறைகளிலிருந்து. பெகலோங்கானில் எலைசா வான் சாய்லன் பட்டறை அதில் பேர்போனது. மற்றவர்கள் நகல் எடுத்துவிடுவார்கள் என்றுதான் இவர்கள் துணியில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். சீனப் பட்டறைகள் அதே பூங்கொத்தை எடுத்து இன்னும் நுணுக்கமாக்கின. 1925-இல் பெகலோங்கான் பக்கத்துக் கெடுங்வுனியில் தொடங்கிய ஓய் சூ ஜுன் பட்டறையில் இதழின் நிழலைக்கூடப் புள்ளியாலேயே கொண்டுவந்தார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் துணி கிடைக்காமல் போனபோது, கையிலிருந்த கொஞ்சத்தில் ஒரு அங்குலம்கூட விடாமல் நிரப்பி ஹோகோகாய் என்ற வகையைச் செய்தார்கள். இதையெல்லாம் "ஜாவா மாதிரி இல்லை" என்று ஒதுக்கினால் ஜாவா கரையோரத்தில் மிச்சம் என்ன இருக்கும்?

சரி, வீட்டில் ஒன்று இருக்கிறது. என்ன செய்யக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு வரும் சேதத்தில் பெரும்பகுதி அன்பினால் செய்தது. வாஷிங் மெஷின் வேண்டாம். சலவைத்தூள் வேண்டாம், பிளீச் பக்கமே போகாதீர்கள், சோகா பழுப்பு ஒரே ஊறலில் செத்துப்போகும். கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அந்தப் பசையை எடுக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். (ஒருவர் இருபுறமும் ஒட்டிக்கொண்டு வந்தார், பாதுகாப்புக்காம்.) வெயில் படும் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாதீர்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்து அந்துருண்டையைத் துணிமேலேயே போட்டுவைக்காதீர்கள்.

துவைத்தே ஆகவேண்டும் என்றால் முதலில் ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் வந்தால் நிறுத்திவிட்டு யாரிடமாவது காட்டுங்கள். வராவிட்டால் ஜாவாவில் செய்வது போலச் செய்யலாம். அங்கே லெராக் என்ற கொட்டையின் நுரையில்தான் அலசுவார்கள், அது நம் பூந்திக்கொட்டையின் சொந்தம், நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டையே கிடைக்கும். ஊறவைத்த நீரை வடிகட்டிக்கொள்ளுங்கள், குளிர்ந்த நீரில் அலசுங்கள், பிழியாதீர்கள், நிழலில் விரித்துக் காயவிடுங்கள். பீரோவில் வைக்கும்போது பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், முடிந்தால் உருளையில் சுருட்டி. மடித்துத்தான் வைக்கவேண்டுமென்றால் அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள், பழைய சாரோங் கிழிவது பெரும்பாலும் மடிப்பிலேதான்.

கட்டிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்களுக்கு: தாராளமாக, துணி இற்றுப்போகாமல் இருந்தால். செண்ட் போடுவதாக இருந்தால் சாரோங் கட்டுவதற்கு முன்னால் போட்டுக் காயவிடுங்கள், ஊக்கு குத்தாதீர்கள், அப்புறம் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி வரும் பக்கமாக உட்காராதீர்கள்.