பேப்பர் போடும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டு

வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு, இரண்டாண்டு ஆன பிள்ளைகள் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஆலோசனைக்கு வந்து உட்கார்ந்தால், முதலில் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: "இந்த வேலை எனக்கு செட் ஆகலை சார்."

அந்த ஒரு வரிக்குள் நான்கு சங்கதி ஒளிந்திருக்கலாம். செய்யும் வேலையே பிடிக்கவில்லை. வேலை சரி, மேலே இருக்கும் ஆளோடு ஒத்துப்போகவில்லை. ஆளும் சரி, நேரமும் அலைச்சலும் உடம்பைத் தின்கிறது. எல்லாம் சரி, சம்பளம் போதவில்லை. நான்குக்கும் மருந்து வேறு. எது என்று பிரிக்காமல் பேப்பர் போட்டால், அதாவது ராஜினாமா கொடுத்தால், அடுத்த கம்பெனியில் மூன்றாவது மாதமே அதே எரிச்சல் திரும்ப வரும்.

இந்த வட்டாரத்தில் அதிகம் குழம்புவது மூன்றாவது. ஆற்காடு, வாலாஜா, காவேரிப்பாக்கம் பக்கமிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸை எண்ணிப் பாருங்கள். காலை 5.45-க்கு பஸ், 8.15-க்கு கேட், மாலை 5.30-க்கு வெளியே, இரவு 8 மணிக்கு வீடு என்றால், இடைவேளை போக எட்டரை மணி நேர வேலைக்காகப் பதினாலே கால் மணி நேரம் போகிறது. ஆறு மாதம் இப்படிப் போனவருக்கு எந்த வேலையும் கசக்கும். "எனக்கு மெக்கானிக்கலே வேண்டாம்" என்று ஆறு மாத கோர்ஸில் பணம் கட்டிவிட்டு, அதை முடித்த கையோடு மறுபடி அதே பஸ்ஸில் ஏறுவதும் நடக்கிறது. நாலு பேர் சேர்ந்து கம்பெனிப் பக்கம் அறை எடுத்து இரண்டு மாதம் தங்கிப் பார்த்திருந்தால், கசந்தது தொழிலா தூக்கமின்மையா என்று தெரிந்திருக்கும்.

எனவே முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குவது. ஜெனரல் ஷிப்ட் என்றால் 14 நாள் எழுதினால் போதும். ஷிப்ட் வாராவாரம் மாறுகிறது என்றால் 21 நாள், அப்போதுதான் மூன்று ஷிப்டும் ஒரு சுற்று வரும். நைட் ஷிப்ட் வாரத்தை மட்டும் வைத்து எடுத்த முடிவு அந்த வாரத்தின் முடிவுதான். தினமும் மூன்று வரி: இன்று எது சக்தியை உறிஞ்சியது, எத்தனை மணிக்கு, எது கொஞ்சமாவது நன்றாகப் போனது, பத்துக்கு எத்தனை மதிப்பெண். பஸ்ஸில் வரும்போதே எழுதிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டால், நடந்தது போய் நினைப்பு மட்டும் தங்கும்.

பலர் இதை எழுதிக் கெடுப்பது எப்படியென்றால், "சூப்பர்வைசர் சரியில்லை" என்று எழுதுவார்கள். பதினான்கு நாளும் அதே வரி இருக்கும், ஒன்றுக்கும் உதவாது. "11.20. தோல் சீவும் ஷேவிங் மெஷினில் 1.2 மி.மீ. தடிமன் கேட்டிருந்தார்கள், 1.4 வந்தது. செட்டிங்கை மாற்றியது முந்தைய ஷிப்ட். திட்டு எனக்கு, எல்லார் முன்னாடியும்" என்று எழுதிப் பாருங்கள். இதில் ஆளின் குணம் பாதி, ஷிப்ட் மாறும்போது செட்டிங்கைக் குறித்துவைக்கும் பழக்கம் இல்லாதது பாதி. இரண்டாவது பாதியை நீங்களே ஒரு பதிவேடு வைத்து நிறுத்தலாம்.

கடைசி நாளில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் வே, ஆ, நே, ச என்று ஓர் எழுத்து போடுங்கள்: வேலை, ஆள், நேரம், சம்பளம். எண்ணுங்கள். ஒன்று மட்டும் பாதிக்கு மேல் வந்தால் அதுதான் நோய். 'நே' என்றால், மேலே சொன்னபடி கம்பெனிப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் பாருங்கள்.

'ஆ' அதிகம் வந்தால், ராஜினாமாவுக்கு முன் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. "சார், பத்து நிமிஷம் தனியா பேசணும். போன வாரம் இந்த மூணு விஷயம் இப்படி நடந்துச்சு. நான் எப்படிச் செஞ்சா சரியா இருக்கும்னு சொல்லுங்க" என்று தேதியோடு கேளுங்கள். பாதிப் பேர் இறங்கி வருவார்கள். வராதவரிடமிருந்து வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்கும்போது அந்த நோட்டு கையில் இருக்கும்.

'வே' அதிகம் என்றால், அந்த வேலையின் ஒரு முழுச் சுற்றைப் பார்த்தீர்களா என்பது அடுத்த கேள்வி. ஆம்பூரில் ஷூ ஏற்றுமதியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தவர், சாம்பிள் ஒப்புதலில் தொடங்கி கன்டெய்னர் ஏறும் வரை ஓர் ஆர்டரையாவது முழுதாகப் பார்க்காமல் வேலையை எடைபோட முடியாது. பார்த்தபின்னும் பிடிக்கவில்லை என்றால், படித்ததற்குப் பக்கத்திலேயே கிளை இருக்கிறதா பாருங்கள். தோல் தொழிற்சாலையில் தோல் பதனிடும் டிரம் பக்கம் நிற்கும் வேதியியல் பட்டதாரி ஆய்வகத்துக்கோ, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ மாறலாம். ராணிப்பேட்டை சிப்காட்டில் பாய்லர் உதிரி செய்யும் பட்டறையில் இருப்பவர் பிளானிங், வெல்டிங் ஆய்வு என்று நகரலாம். என்.டி.டி. (பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் முறை) லெவல் 2 கோர்ஸ் பற்றி ஓர் எச்சரிக்கை: அந்தத் தகுதிக்குப் பயிற்சி, தேர்வு இரண்டோடு அனுபவ மணிநேரமும் தேவை. இரண்டு வார வகுப்பு முடித்த சான்றிதழை மட்டும் நீட்டினால் மதிக்க மாட்டார்கள்.

'ச' வந்தால் கால்குலேட்டரை எடுங்கள். இப்போது ஆண்டுக்கு 3,00,000 சி.டி.சி. (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு), அடிப்படைச் சம்பளம் மாதம் 12,500 என்று வைப்போம். சி.டி.சி. மாதம் 25,000. அதில் கம்பெனி கட்டும் பி.எஃப். 1,500, கிராஜுவிட்டி கணக்கில் 601 போனால் மொத்தச் சம்பளம் 22,899. உங்கள் பங்கு பி.எஃப். 1,500 பிடித்தபின் கைக்கு வருவது 21,399. சென்னையில் 3,60,000 தருகிறார்கள், அடிப்படை 15,000 என்றால், அதே கணக்கில் கைக்கு 25,678. வித்தியாசம் 4,279 ரூபாய். சென்னையில் அறைக்கும் மெஸ்ஸுக்கும் 8,000 என்றாலே நீங்கள் மாதம் 3,721 ரூபாய் பின்னால் போகிறீர்கள், வீட்டில் சாப்பாட்டுக்குத் தனியாகக் கொடுக்காதவராக இருந்தால். அங்கே கற்றுக்கொள்ளும் வேலை பெரிது என்றால் போகலாம், தப்பில்லை. சம்பளம் கூடியது என்று நினைத்து மட்டும் போகாதீர்கள். (கூடப் படித்தவன் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது சி.டி.சி. கணக்கு என்பதையும் நினைவில் வைத்தால் தூக்கம் வரும்.)

அடுத்த வேலை கையில் இல்லாமல் விடுவதாக இருந்தால், நான்கு மாதச் செலவு தனியாக இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொடுப்பது 6,000, பைக் தவணை 3,200, அம்மா பெயரில் எடுத்த குழுக் கடன் 2,400, போனும் பெட்ரோலும் 2,000 என்றால் மாதம் 13,600; நான்கு மாதத்துக்கு 54,400. குழுக் கடனை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு தவணை தவறினால் தெருவில் பதில் சொல்ல வேண்டியவர் அம்மா.

"வேலையை விட்டுட்டு குரூப் 4 படிக்கப் போறேன்" என்பது இங்கே அடிக்கடி வரும் முடிவு. நல்ல முடிவாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் எட்டு வாரம், வேலையில் இருந்துகொண்டே தினம் இரண்டு மணி நேரம் படித்துப் பாருங்கள். ஞாயிறுதோறும் 200 கேள்வி, மூன்று மணி நேரம், கடிகாரம் வைத்து ஒரு மாதிரித் தேர்வு. 100 கேள்வி கொண்ட தமிழ்ப் பகுதியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள், ஆகவே அந்த 100 கேள்வியில் மதிப்பெண் ஏறுகிறதா என்பதுதான் முதல் அளவு. எட்டு வாரம் தினம் இரண்டு மணி நேரம் உட்கார முடியாதவர், வேலையை விட்டபின் எட்டு மணி நேரம் உட்காருவார் என்பதை நம்புவது கடினம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சி இலவசம். காசு கட்டும் முன் அங்கே கேளுங்கள். விட்டே ஆவது என்றால், எத்தனை தேர்வு வரை என்று முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பசி கெட்டு, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றினால், நோட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் பார்க்கலாம். டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

இனி வெளியேறும் வழி. சம்பளம் வரவு வைத்த மறுநாளில் இருந்து சொல்லாமல் நின்றுவிடுவது இங்கே ரொம்பச் சாதாரணம், ரொம்ப நஷ்டமும் கூட. அடுத்த கம்பெனியின் சரிபார்ப்பில் 'தலைமறைவு' என்று பதில் போகும், ரிலீவிங் ஆர்டர் (வேலையிலிருந்து விடுவித்த கடிதம்) கிடைக்காது. நியமன ஆணையில் நோட்டீஸ் காலம் 30 நாளா, 60-ஆ, 90-ஆ என்று பாருங்கள். ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பி, சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போடுங்கள். கம்பெனி முகவரி கடைசி நாளோடு பூட்டப்படும். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ரிலீவிங் ஆர்டர், அனுபவச் சான்று, வரி பிடித்திருந்தால் படிவம் 16 போன்ற வரிச் சான்று, இவை கைக்கு வர வேண்டும்.

இத்தனை ஆண்டு இருப்பேன், இல்லையேல் பணம் கட்டுவேன் என்று பாண்டு போட்டிருந்தால், "அது செல்லாது, விடு" என்று டீக்கடையில் சொல்வதைக் கேட்காதீர்கள். விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆள் எடுக்கப் பொதுத்துறை வங்கிக்கு ஆகும் செலவும் அதில் பேசப்பட்டது. மறுபக்கம், ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு. ஆகவே எழுதிய தொகையைப் பார்த்துப் பயந்து பணம் கட்டும் முன், சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தாளைக் காட்டுங்கள். அசல் சான்றிதழை மட்டும் எந்தக் கம்பெனியிலும் ஒப்படைக்காதீர்கள்.

பி.எஃப். பணத்தை எடுக்கத் தோன்றும். ஐந்து ஆண்டு முடியாமல் 50,000 அல்லது அதற்கு மேல் எடுத்தால் வரி பிடிப்பார்கள். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்தால், பென்ஷனுக்குத் தேவையான பத்தாண்டுக் கணக்கும் அறுந்துபோகும். பி.எஃப்.-க்கான பழைய யு.ஏ.என். எண்ணையே புதிய கம்பெனியில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் இழுத்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே பி.எஃப். தளத்தில் போடலாம். அங்கே மாட்டுவது பெரும்பாலும் பெயர்தான்: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக. இதைச் சரிசெய்யக் கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படலாம், ஆகவே நோட்டீஸ் காலத்தின் முதல் வாரத்திலேயே, எச்.ஆர். இன்னும் போனை எடுக்கும்போதே, முடித்துவிடுங்கள்.