சின்ன சமையலறையைப் புதுப்பிக்கிறீர்களா? ஷட்டர் நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

சென்னையில் 1980, 90களில் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் சமையலறை பெரும்பாலும் ஒரே அச்சுதான். 8 அடிக்கு 7 அடி இடம், கடப்பா கல் தட்டுகள், தலைக்கு மேலே சிமென்ட் பரண், ஒரு டியூப்லைட். மிக்சிக்கும் பிரிட்ஜுக்கும் சேர்த்து ஒரே பிளக் பாயின்ட். இதை மாடுலராக, அதாவது பெட்டி பெட்டியாகச் செய்து பொருத்தும் சமையலறையாக, மாற்ற நினைப்பவர்கள் நேராக ஷட்டர் (பெட்டிக் கதவு) நிறம் பார்க்க ஷோரூமுக்குப் போய்விடுகிறார்கள். பணம் வீணாவது அங்கேதான் தொடங்குகிறது. பழைய சமையலறையின் கோளாறுகளில் பாதி சுவருக்குள் இருக்கிறது. புது டைல்ஸ் ஒட்டிய பிறகு அதைத் தொட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

முதலில் தண்ணீர்க் குழாய். அந்தக் காலத்து ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களுக்குள் துரு ஏறி வழி குறுகியிருக்கும். மேடையை எடுக்கும்போதே துருப்பிடிக்காத சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிவிடுங்கள். புதுக்குழாய் பதித்ததும் உடனே பூசவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை அழுத்தத்தில் நிறுத்தி வைத்து, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து மின்சாரம். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். பழைய 6 ஆம்பியர் பாயின்டில் அதைச் செருகினால் சாக்கெட் கருகும். இண்டக்‌ஷன், ஓவன் ஒவ்வொன்றுக்கும் 16 ஆம்பியர் பாயின்ட், 4 சதுர மி.மீ. ஒயர், தனி எம்சிபி (மின்சாரம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) வேண்டும். ஈரக்கையோடு சுவிட்ச் போடும் இடம் என்பதால் மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

கேஸ் விஷயத்தில் அழகுக்காக எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கும். 14.2 கிலோ சிலிண்டரை ஷட்டர் போட்டு மூடுவதாக இருந்தால், ஷட்டரின் அடிப்பக்கம் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். அந்த சிலிண்டர் பெட்டிக்குள் ஆர்ஓ குடிநீர் வடிகட்டிக்கென்று பிளக் பாயின்ட் வைத்துவிடுகிறார்கள். கூடவே கூடாது, ஒரு தீப்பொறி போதும். ரப்பர் டியூப் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும். சுவருக்குள் நுழைத்து அதை மறைக்காதீர்கள்.

இனி அளவு. நின்றபடி முழங்கையை மடக்கி, அங்கிருந்து 4 அங்குலம் கீழே மேடை வந்தால் தோள் வலிக்காது. பெரும்பாலானோருக்கு இது 32 முதல் 34 அங்குலத்துக்குள் அமையும். தினமும் சமைப்பவரை நிற்க வைத்து அளக்க வேண்டும், கார்பென்டரின் உயரத்துக்கு அல்ல.

இரண்டு பக்கமும் மேடை வேண்டும் என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 அடி அகலம் என்றால் 84 அங்குலம். இருபுறமும் 24 அங்குல மேடை வந்தால் நடுவில் 36தான் மிஞ்சும். ஒரு டிராயரை இழுத்துவிட்டால் ஆள் நிற்க இடமில்லை. அடுப்பும் சிங்க்கும் உள்ள பக்கம் 24, எதிர்ப்பக்கம் 16 என்று வையுங்கள், 44 அங்குலம் கிடைக்கும். 16 அங்குலத்தில் மளிகை டப்பாக்கள் ஒரே வரிசையில் நிற்கும். பின்னால் ஒளிந்து வண்டு பிடிக்கும் பருப்பு டப்பா இருக்காது.

இப்போது மரத்துக்கு வருவோம். மாடுலர் கிச்சன் சாவது எப்போதும் சிங்க்குக்கு அடியில்தான். கொட்டேஷனில் "வாட்டர்ப்ரூஃப் பிளை" என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 710 என்று எழுதி வாங்குங்கள், லேமினேட் (மேலே ஒட்டும் நிறத் தகடு) ஒட்டும் முன்பே பலகையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். ஒட்டிய பிறகு எந்தப் பலகையும் ஒன்றுபோலத்தான் தெரியும். நல்ல பலகையும் கெடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. சிங்க்கின் கழிவுக்குழாய் போக பலகையில் ஓட்டை போட்டு, அறுத்த விளிம்பை அப்படியே விட்டுவிடுவார்கள். குழாயில் வடியும் துளி அந்த விளிம்பில் நிற்கும், பூச்சில்லாத மரம் அதை உறிஞ்சும். லேமினேட் முதலில் ஓரத்தில் லேசாக உப்பும், பிறகு கறுப்பாக ஒரு வளையம், அப்புறம் கரப்பான். ஓட்டையைச் சுற்றி சிலிகோன் பசை பூசினால் தீரும் வேலை, பத்து நிமிடம் ஆகாது. இந்த ஒரு பெட்டியை மட்டும் டபிள்யூபிசியில் (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) செய்வதும் நல்ல யோசனை. ஆனால் அதை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சூட்டில் வளையும்.

நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம். அதனால் பெட்டிகள் தரையைத் தொடக்கூடாது. 4 அங்குல பிவிசி கால்களும், அவற்றை மறைக்க, கழற்றி மாட்டக்கூடிய ஸ்கர்ட்டிங் பட்டையும் போடுங்கள். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் சாதாரண கீல்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும், 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். சிம்னியை அடுப்புக்கு மேலே 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் பொருத்தி, குழாயை வளைவு குறைவாக வெளியே விடுங்கள்.

இத்தனையும் முடிந்த பிறகு நிறம். சின்ன அறைக்கு வெள்ளைதான் என்ற பயம் தேவையில்லை. கீழ்ப்பெட்டிகளுக்கு மயில்நீலமோ மாம்பழ மஞ்சளோ தாராளமாகப் போடலாம். கண்மட்டத்தில் வரும் மேல்பெட்டிகளை மட்டும் வெளிர்நிறத்தில் விடுங்கள், அங்கே அடர்நிறம் வந்தால் அறை நெருங்கி வரும். ஷோரூமின் மஞ்சள் விளக்கில் எந்த நிறமும் இதமாகத்தான் தெரியும். சாம்பிளை வீட்டுக்கு வாங்கி வந்து, இரவு உங்கள் விளக்கில் எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேல்பெட்டியின் அடியில் 4000 கெல்வின் எல்இடி பட்டை போட்டால், காய் நறுக்கும் பலகையில் உங்கள் நிழலே விழாது.

மஞ்சள்தூள் கறை டைல்ஸில் ஏறாது, நடுவிலுள்ள வெள்ளை சிமென்ட் கோட்டில் ஏறும். வெயில் பட்டால் மங்கும் கறைதான், ஆனால் அடுப்புக்குப் பின்னால் வெயில் ஏது? அந்தச் சுவருக்கு மட்டுமாவது வெள்ளை சிமென்டுக்குப் பதில், கறை எளிதில் ஏறாத எபாக்சி கிரவுட் போடச் சொல்லுங்கள்.

மேல்பெட்டி மாட்டும் நாளில்தான் டிரில்லிங் மிஷின் புதுக்குழாயைத் துளைக்கும். அதனால் சுவரைப் பூசி மூடும் முன்பே, குழாயும் ஒயரும் ஓடும் இடங்களை அளவு டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்ட வருபவர் பென்சில் புள்ளி வைக்கும் முன் அந்தப் படத்தை அவர் கையில் கொடுங்கள்.